இந்த வருஷம் என்ன உடைந்தது?

தலைமையாசிரியர்களாகப் புதிதாகப் பொறுப்பேற்றிருக்கும் உங்களுக்கு என் அனுதாபங்கள். வாழ்த்துச் சொல்ல நிறையப் பேர் வருவார்கள், சால்வை போர்த்துவார்கள். அனுதாபம் சொல்ல என்னைப் போல ஓய்வு பெற்றவன்தான் வரவேண்டும். நேற்று வரை நீங்கள் வகுப்புக்குள் நுழைந்தால் பிள்ளைகள் எழுந்து நிற்பார்கள், அவ்வளவுதான். இனிமேல் நீங்கள் நுழைந்தால் உள்ளே பாடம் நடத்துகிற ஆசிரியரின் குரல் மாறும். அதுவரை ஒழுங்காக எழுதிக்கொண்டிருந்தவர் பலகையில் பிழை விடுவார். சாக்பீஸ் ஒடியும். அதைப் பார்த்து நாம் பெரிய ஆளாகிவிட்டோம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

நான் இரண்டு பக்கமும் நின்றவன். சாக்பீஸை ஒடித்தவனும் நான்தான், பிறகு கல்வி அலுவலராகிப் பல பேரை ஒடிக்க வைத்தவனும் நான்தான். மேற்பார்வைக்கும் பாடத்திட்டத்துக்கும் உள்ள உறவைப் பயிற்சி வகுப்பில் உங்களுக்குப் படம் போட்டுக் காட்டியிருப்பார்கள். நாலு கட்டம், நிறைய அம்புக்குறிகள். நானும் அதை நகல் எடுத்து வைத்திருந்தேன், எங்கே போயிற்றோ தெரியவில்லை. என் மனதில் நின்றுபோனது ஒரு பீரோ சாவிதான். அதைச் சொல்கிறேன். அம்புக்குறிகளை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் கடைசி. பதினோராம் வகுப்போடு முடிந்த பள்ளிப் படிப்பைப் பத்தாம் வகுப்போடு முடியும்படி மாற்றி, பாடப்புத்தகங்களையும் மாற்றியிருந்த நேரம். ஜவ்வாது மலை மேல் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளிக்கு என்னை அறிவியல் ஆசிரியராகப் போட்டார்கள். பள்ளியின் பெயர் வேண்டாம். எனக்குக் கண்ணமங்கலத்துப் பக்கம். மலையைத் தினமும் பார்த்து வளர்ந்தவன், ஒரு நாளும் ஏறியதில்லை. உத்தரவைப் பார்த்ததும் எந்த அதிகாரியை முறைத்துக்கொண்டாய் என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். யாரையும் முறைக்கவில்லை. காலியிடம் அங்கேதான் இருந்தது. திருப்பத்தூரில் பேருந்து ஏறி, சாக்கு மூட்டைகளுக்கும் ஒரு வெள்ளாட்டுக்கும் நடுவில் உட்கார்ந்து, வளைவுக்கு வளைவு வயிற்றைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். ஆடு தெம்பாக இறங்கிற்று. எனக்குத்தான் கைத்தாங்கல் தேவைப்பட்டது.

கைத்தாங்கலாக இறக்கியவர் பள்ளியின் பியூன் ஆறுமுகம். பேருந்து நிற்கிற இடத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காத்திருந்தவர் தலைமையாசிரியர். பிள்ளைகள் அவரைப் பெரிய சார் என்பார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். மனிதர் தங்கம். சாமை அறுப்பு வந்தால் பிள்ளைகள் கொல்லைக்காட்டுக்கு அறுக்கப் போய்விடுவார்கள். இவர் ஊர் ஊராக நடந்து போய், வீட்டுக்காரர்களோடு உட்கார்ந்து கூழ் குடித்துப் பேசி, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவார். பள்ளியை அப்படித்தான் நிரப்பியிருந்தார். அவருக்கு இருந்த ஒரே குறை பயம். மேலே இருந்து யாராவது வந்து கணக்குக் கேட்பார்கள் என்ற பயம். இளம் வயதில் வேறு ஏதோ பள்ளியில் ஒரு தராசு காணாமல் போய், சம்பளத்தில் பிடித்துவிட்டார்களாம். அதற்குப் பிறகு அரசாங்கப் பொருள் எதைத் தொட்டாலும் குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரிதான் தொடுவார்.

அந்தப் பயத்தின் தலைமையிடம் அவர் அறையில் இருந்த இரும்பு பீரோ. அறிவியல் சாமான்கள் அத்தனையும் அதற்குள்தான். சோதனைக்குழாய்கள், குடுவைகள், ஒரு நுண்ணோக்கி. ஒவ்வொன்றையும் வைக்கோல் சுற்றி வைத்திருப்பார். சாவி அவருடைய அரைஞாண் கயிற்றில் இருக்கும். வருஷத்துக்கு ஒரு முறை, ஆயுத பூஜை அன்று, பீரோ திறக்கும். சாமான்கள் எல்லாம் மேசைக்கு வரும். பெரிய சார் தன் கையாலேயே ஒவ்வொரு குழாய்க்கும் சந்தனம் தடவி, அதன் மேல் குங்குமம் வைப்பார். கற்பூரம் காட்டுவார்கள், பொரி கடலை கொடுப்பார்கள், சாமான்கள் மறுபடி உள்ளே போய்விடும். கோயில் உற்சவர் கூட வருஷத்தில் நாலைந்து முறை வெளியே வருவார். எங்கள் குடுவைகளுக்கு அதுவும் இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஆண்டாய்வுக்கு வருகிறவர்கள் எல்லோரும் இதைப் பாராட்டிவிட்டுத்தான் போனார்கள். வருவார்கள், பீரோவைத் திறக்கச் சொல்வார்கள், பதிவேட்டோடு ஒத்துப் பார்ப்பார்கள், ஒன்றும் குறையாது. மிக நன்று என்று எழுதிவிட்டு, நாட்டுக்கோழிக் குழம்பு சாப்பிட்டுவிட்டு, கடைசிப் பேருந்தில் மலையிறங்கிவிடுவார்கள். பீரோ நன்றாக இருக்கிறதா என்று பார்த்தார்கள், பள்ளியும் பீரோவை நன்றாக வைத்திருந்தது. வகுப்பை யாரும் பார்க்கவில்லை. அதனால் வகுப்பு எப்படியோ இருந்தது.

எப்படி இருந்தது என்று கேட்கிறீர்களா? நான் வண்ணச் சாக்பீஸில் குடுவை வரைவேன். என் குடுவைகளுக்கு மலையில் நல்ல பெயர். "ஒரு சோதனைக்குழாயில் சில துத்தநாகத் துண்டுகளை எடுத்துக்கொள்" என்று புத்தகத்தில் இருக்கும். பிள்ளைகள் எடுத்துக்கொண்டதாக நினைத்துக்கொள்வார்கள். "அதில் நீர்த்த அமிலத்தை ஊற்று" என்று இருக்கும். ஊற்றியதாக நினைத்துக்கொள்வார்கள். "வெளிவரும் ஹைட்ரஜன் வாயு பாப் என்ற ஒலியுடன் எரியும்" என்று முடியும். எரிந்ததாக எழுதிக்கொள்வார்கள். இப்படியே ஒன்பதாம் வகுப்பில் அதுவரை வந்த பாடங்களை ஒரு சோதனை விடாமல் செய்து முடித்தோம், ஒரு தீக்குச்சி கூடச் செலவாகாமல்.

அந்த வகுப்பில் சின்னப்பொண்ணு என்று ஒரு பெண். அப்பா மலை விவசாயி. சாமைக் கொல்லையும் சில புளிய மரங்களும் அவருக்கு உண்டு. அவள் ஒரு நாள் எழுந்து கேட்டாள்.

"பாப்புன்னா அது இன்னா மாதிரி சத்தம் சார்? பட்டாசு மாதிரியா, மூங்கி வெடிக்கிற மாதிரியா?"

என்ன செய்வது? கன்னத்துக்குள் விரலை விட்டு வெளியே இழுத்து, "இந்த மாதிரி" என்று ஒரு சத்தம் போட்டுக் காட்டினேன். வகுப்புக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. அன்றிலிருந்து பள்ளிக்கூடத்தில் எந்த மூலையில் திரும்பினாலும் ஹைட்ரஜன்தான்.

அந்த வருஷம்தான் எங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்பை ஆரம்பித்திருந்தார்கள். தற்காலிக அனுமதி. புதிய பாடத்திட்டம் உண்மையிலேயே நடக்கிறதா என்று அலுவலர் பார்த்து எழுதினால்தான் அடுத்த ஜூனில் வகுப்பு தொடரும். இல்லாவிட்டால் ஒன்பது முடித்த பிள்ளைகள் மலையடிவாரத்துப் பள்ளிக்குப் போய் விடுதியில் தங்க வேண்டியதுதான். பையன்கள் எப்படியோ போய்விடுவார்கள். பெண் பிள்ளைகளை எந்த வீட்டிலும் அனுப்ப மாட்டார்கள். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும், அலுவலர் வந்தால் பீரோவைத் திறந்து காட்டிவிடலாம் என்று தைரியமாக இருந்தோம்.

கார்த்திகை மாதம் புது அலுவலர் வந்தார். தெற்கத்திக்கார அம்மா. மலைக்குளிருக்குக் கம்பளிச் சால்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு ஜீப்பில் இருந்து இறங்கினார். அவர் பெயரையும் சொல்லப்போவதில்லை, சொன்னால் அவருக்குப் பிடிக்காது. பெரிய சார் பெருமையோடு பீரோவைத் திறந்தார். குங்குமப் பொட்டோடு குடுவைகள் பளபளவென்று நின்றன. அம்மா ஒன்றையும் எண்ணவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"இந்த வருஷம் என்ன உடைஞ்சுது?"

பெரிய சாருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. இத்தனை வருஷமாக இந்தக் கேள்விக்காகத்தானே காத்திருந்தார். "ஒன்னுமே உடையலீங்கம்மா. நான் வந்த நாள்லேர்ந்து ஒரு குழாய் கூட உடையல."

"அப்ப எதை வச்சுப் பாடம் நடத்துனீங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல், அடுத்த வருஷம் பத்தாம் வகுப்புக்குப் போகவேண்டிய ஒன்பதாம் வகுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

நேராகக் கடைசி பெஞ்சில், இரண்டு பெண் பிள்ளைகளுக்கு நடுவில் இடம் கேட்டு உட்கார்ந்தார். என்னைப் பாடம் நடத்தச் சொல்லவில்லை. பிள்ளைகளிடமே பேச்சுக் கொடுத்தார். ஹைட்ரஜன் பற்றிக் கேட்டார், கடகடவென்று ஒப்பித்தார்கள். என் மார்பு கொஞ்சம் விரிந்தது. அடுத்ததாக, அது எரியும்போது என்ன சத்தம் வரும் என்று கேட்டார்.

வகுப்பு முழுவதும் ஒரே நேரத்தில் கன்னத்துக்குள் விரலை விட்டது.

நான் சுவரைப் பார்த்தேன். சுவர்ப் பலகையில் என் வண்ணக் குடுவை இருந்தது. அம்மா எழுந்து வராந்தாவுக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மலையைப் பார்த்தபடி நின்றார். தோள்கள் குலுங்கின. குளிர் என்று ஆறுமுகம் நினைத்து ஓடிப்போய் டீ வாங்கி வந்தார்.

திரும்பி வந்தபோது அம்மாவின் முகத்தில் சிரிப்பு இல்லை. இன்று ஒன்றும் எழுதவில்லை, தை பிறந்ததும் மறுபடி வருவேன், அன்று பார்த்துவிட்டுத்தான் பத்தாம் வகுப்பைப் பற்றி எழுதுவேன் என்றார். புத்தகத்தை மாற்றிவிட்டால் பாடம் மாறிவிடாது, பிள்ளைகள் கையால் ஏதாவது செய்வதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். கோழிக் குழம்பு ஆறிப்போயிற்று.

இரண்டு வாரம் கழித்துச் சந்தைக்கு வந்த சின்னப்பொண்ணின் அப்பா பள்ளிக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னால் வரவில்லை, புங்க மரத்தடியில் நின்றுகொண்டே பேசினார்.

"அடுத்த வருசம் பத்தாவது இங்க இருக்குமா இருக்காதா சார்? இருக்கும்னா படிக்கட்டும். இல்லன்னா இப்பவே சொல்லிடுங்க. கீழ நான் அனுப்ப மாட்டேன். புளி உலுக்கி முடிச்ச கையோட அவளுக்கு ஒரு வழி பண்ணிட்டுப் போறேன்."

என்ன வழி என்று நான் கேட்கவில்லை. அவர் கோபமாகப் பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்கிற மாதிரி கேட்டார். இருக்கும் என்று சொல்லிவிட்டேன். எந்த அதிகாரத்தில் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. 

சொன்ன கையோடு நேராகப் பெரிய சாரிடம் போய்ச் சாவியைக் கேட்டேன். அவர் மறுக்கவில்லை. அதுதான் அவரிடம் கஷ்டம், எதையும் மறுக்க மாட்டார்.

"குடுக்க மாட்டேன்னு சொல்லல சார். உடைஞ்சா இன்னா பண்றதுன்னு மட்டும் சொல்லிட்டு எடுத்துட்டுப் போங்க."

எனக்குப் பதில் தெரியவில்லை. கேட்டுப் பாருங்கள், இப்போது கூட உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. பிள்ளைகளுக்கு விதிகளைச் சொல்லிக்கொடுக்கிற நாம் நம் விதிகளை யாராவது வந்து பயமுறுத்தும்போதுதான் தெரிந்துகொள்கிறோம். ஒவ்வொரு வாரமும் போய்க் கேட்டேன். ஒவ்வொரு வாரமும் அதே கேள்வியோடு திரும்பினேன்.

பொங்கல் முடிந்தது. அம்மா வரப்போகிற நாளுக்குத் தகவல் வந்தது. அன்று காலையில் பள்ளிக்குச் சீக்கிரமாகப் போனேன். பெரிய சார் அறையில் இருந்து சிலுங் சிலுங் என்று சத்தம். எட்டிப் பார்த்தால், தரையில் செய்தித்தாள் விரித்திருக்கிறது. பெரிய சார் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு சோதனைக்குழாயைத் துணியில் சுற்றி, அம்மிக் குழவியால் மெதுவாகத் தட்டுகிறார். ஒவ்வொரு தட்டுக்கும் கண்ணை மூடிக்கொள்கிறார். ஆறுமுகம் பக்கத்தில் அடுத்த குழாயோடு தயாராக நிற்கிறார்.

"இன்னா சார் பண்றீங்க?"

"அம்மா மறுபடி கேப்பாங்களே சார், இன்னா உடைஞ்சுதுன்னு. போன தபா ஒன்னும் இல்லன்னு சொல்லித்தான கோச்சிக்கினாங்க. இருக்கிறதுல மட்டமான குழாயா பாத்து எடுத்திருக்கேன். பெரிய குடுவை ஒன்னு ஒடைக்கலாம்னு ஆறுமுகம் சொல்றான். எனக்கு மனசு வரல."

சிரிப்பதா, அழுவதா என்று தெரியாமல் வாசலிலேயே நின்றேன். நண்பர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நான் பின்னாளில் ஏறி இறங்கிய பள்ளிகளில் எல்லாம் இந்தக் குழவிச் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன். அதிகாரிக்கு என்ன பிடிக்கும் என்று கண்டுபிடித்து, அதை அதிகாரி வருகிற காலையில் தயாரிப்பது. கண்காட்சி பிடிக்கும் என்றால் அட்டையில் ராக்கெட் ஒட்டுவார்கள். தோட்டம் பிடிக்கும் என்றால் முந்தின நாள் செடியைப் பிடுங்கி வந்து நடுவார்கள். அவர்களைத் திட்டாதீர்கள். பெரிய சார் அன்று பொய் சொல்ல நினைத்து உடைக்கவில்லை. மேலிடம் கேட்டதைக் கொடுக்க வேண்டும் என்றுதான் முப்பது சொச்சம் வருஷமாக அவருக்கு நாம் பழக்கியிருந்தோம்.

அவரிடம் அதைச் சொல்லிப் புரியவைக்க எனக்கு நேரம் இல்லை. ஜீப் வந்துவிட்டது.

அம்மா நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே பெரிய சார் செய்தித்தாள் பொட்டலத்தைப் பிரித்து மேசை மேல் வைத்தார். இந்தப் பருவத்தில் இவ்வளவு உடைந்திருக்கிறது என்று பணிவாகச் சொன்னார். அம்மா ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இன்னொன்றை எடுத்தார். பிறகு கேட்டார்.

"இதுக்குக் குங்குமம் யார் வச்சது சார்?"

"நான்தாங்கம்மா. ஆயுத பூஜைக்கு" என்று சொல்லி முடித்த பிறகுதான் பெரிய சாருக்கு விளங்கியது. துண்டுகளில் சந்தனம் காய்ந்து, குங்குமம் அழியாமல் இருந்தது. ஒரு முறை தண்ணீர் பட்டிருந்தாலும் போயிருக்கும். அமிலத்தைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.  ஆறுமுகம் உத்தரத்தில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஜன்னல் வழியாக ஒன்பதாம் வகுப்பைப் பார்த்தேன். அந்த அம்மா பேனாவை எடுத்து ஒரே வரி எழுதினால் போதும். ஓய்வு பெறப்போகிற பெரிய சாரின் பென்ஷன் சிக்கலாகும், பத்தாம் வகுப்பு கீழே போகும், நான் புங்க மரத்தடியில் கொடுத்த வாக்கும் போகும். எழுதுவதற்கு அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது.

அவர் பேனாவை எடுக்கவில்லை. துண்டுகளைப் பொட்டலமாகக் கட்டி ஆறுமுகத்திடம் கொடுத்து, பிள்ளைகள் காலில் குத்தாதபடி குழி தோண்டிப் போடச் சொன்னார். பெரிய சாரைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"சாவியைக் குடுங்க சார்."

அரைஞாண் முடிச்சு சுலபத்தில் அவிழவில்லை. பெரிய சார் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு வெகு நேரம் போராடினார். சாவி வந்ததும் அம்மாவே பீரோவைத் திறந்து, ஒரு தட்டில் குழாய்களையும் துத்தநாகத்தையும் அமிலப் புட்டியையும் எடுத்து வைத்து, தட்டை என் கையில் கொடுத்தார். பாடத்தை இப்போதே நடத்துங்கள் என்றார்.

இதில் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கல்லூரியில் அந்தச் சோதனையை எங்கள் ஆசிரியர் செய்தார், நாங்கள் கடைசி வரிசையில் எம்பி எம்பிப் பார்த்தோம். கையால் செய்வது எனக்கும் அன்றுதான் முதல் முறை. வகுப்புக்குள் போய், அம்மாவும் பெரிய சாரும் கடைசி பெஞ்சில் உட்கார, முதல் குழாயை எடுத்தேன். காய்ந்த சந்தனம் உதிர்ந்து கை வழுக்கியது. குழாய் கீழே விழுந்து நொறுங்கியது.

 பெரிய சார் கண்ணை மூடிவிட்டார். அம்மாவின் குரல் மட்டும் கேட்டது.

"பதிவேட்டுல எழுதிக்குங்க சார். பாடம் நடத்தும்போது உடைந்ததுன்னு. நான் கையெழுத்துப் போடறேன்."

உபயோகத்தில் உடைகிற கண்ணாடியைத் தள்ளுபடி செய்ய விதியிலேயே இடம் இருக்கிறது, யார் சம்பளத்திலும் பிடிக்க வேண்டாம் என்று அங்கேயே, பிள்ளைகள் முன்னாலேயே பெரிய சாருக்கு எடுத்துச் சொன்னார். பெரிய சார் ஒரு கண்ணைத் திறந்தார். அதற்கு முன் வந்த எத்தனையோ பேரில் ஒருவர் இதைச் சொல்லியிருந்தால் அந்த முடிச்சு எப்போதோ அவிழ்ந்திருக்கும்.

என்னிடம் அம்மா, கை நடுக்கம் நின்ற பிறகு ஆரம்பியுங்கள், அவசரமில்லை என்றார். அடுத்த குழாயைக் கழுவித் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். அமிலம் பட்டதும் துத்தநாகம் நுரைத்துக்கொண்டு பொங்கியது. பின் பெஞ்சு பிள்ளைகள் பெஞ்சு மேலேயே ஏறி நின்றார்கள், யாரும் அதட்டவில்லை. மேலே இன்னொரு குழாயைக் கவிழ்த்துப் பிடித்து வாயுவைச் சேர்த்தேன். தீக்குச்சி பற்றவில்லை. மலைப்பனியில் பெட்டி நமத்துப்போயிருந்தது. என்ன செய்வதென்று நான் விழிக்கையில், வாசலில் நின்ற ஆறுமுகம் தயங்கித் தயங்கித் தன் மடியில் இருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்து நீட்டினார். பெரிய சார் முன்னால் பீடியே குடிக்காதவர் அவர். பெரிய சார் அதைப் பார்த்தும் பார்க்காதது போல் இருந்தார். அன்றைக்கு எல்லோருக்கும் ஒரு தள்ளுபடி கிடைத்தது.

குச்சியைக் கிழித்துச் சின்னப்பொண்ணிடம் கொடுத்தேன். அவள் பாவாடையை இறுக்கிச் சொருகிக்கொண்டு, கையை எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டி, குழாயின் வாயருகில் சுடரைக் கொண்டுபோனாள். பாப். சின்னச் சத்தம். யாரோ வெற்றிலைக் காம்பைக் கிள்ளிய மாதிரி.

வகுப்பு இன்னும் எதையோ எதிர்பார்த்துக்கொண்டு நின்றது. சின்னப்பொண்ணு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க போட்ட சத்தம்தான் சார் பெருசு."

அம்மா இந்த முறை முதுகைக் காட்டவில்லை. எல்லோருக்கும் முன்னால், கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரித்தார். பிறகு ஆளுக்கொரு முறை செய்ய வேண்டும் என்று பிள்ளைகள் வரிசை கட்டிவிட்டார்கள். மணி அடித்ததை யாரும் காதில் வாங்கவில்லை. வரிசையின் கடைசியில் பெரிய சார் வந்து நின்றார்.

"நானும் ஒரு தபா பாக்கட்டுமா சார்?"

அவர் குச்சியை நீட்டி, சத்தம் வந்ததும் பின்னால் ஒரு எட்டு துள்ளினார். இத்தனை வருஷம் இடுப்பில் கட்டிக் காவல் காத்தது இதைத்தானா என்பது போல் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜீப்பில் ஏறும்போது அம்மாவிடம் தனியாகக் கேட்டேன், அந்தக் குங்குமத்தை ஏன் எழுதவில்லை என்று. "எழுதியிருந்தா அவர் இன்னொரு பூட்டு வாங்கியிருப்பாரு" என்றார். அவ்வளவுதான் அவர் எனக்குச் சொன்ன உபதேசம். அதற்குப் பிறகு பருவத்துக்கு ஒரு முறை வந்தார். வரும்போதெல்லாம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, முடிந்ததும் என்னைப் புங்க மரத்தடிக்குக் கூட்டிப் போய், எங்கே பிள்ளைகள் விழித்தார்கள், எங்கே நான் அவசரப்பட்டேன் என்று பேசுவார். பிறர் முன்னால் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. பெரிய சாரும் வாரம் ஒரு நாள் என் வகுப்பில் உட்கார ஆரம்பித்தார். மேற்பார்வை என்று பெயர். உண்மையில் சோதனை பார்க்கத்தான் வந்தார். இருந்தால் என்ன, அவர் வருகிறார் என்பதற்காகவே நான் முந்தின நாள் ஒத்திகை பார்த்துவிட்டுப் போவேன்.

நான் அலுவலரான பிறகு அம்மாவின் கேள்வியைக் கடன் வாங்கிக்கொண்டேன். முதல் வருஷம் நன்றாக வேலை செய்தது. இரண்டாம் வருஷம் எல்லாப் பள்ளியிலும் எனக்காகப் பொட்டலம் தயாராக இருந்தது. அதனால் உங்களுக்கு இந்தக் கேள்வியை நான் சிபாரிசு செய்யவில்லை. எந்தக் கேள்வியும் ஊருக்குத் தெரிந்துபோனால் அதற்கு ஒரு குழவிக் கல் கிடைத்துவிடும். கேள்வியை மாற்றிக்கொண்டே இருங்கள். கடைசி பெஞ்சை மட்டும் மாற்றாதீர்கள். அங்கே போய் உட்கார்ந்து, பிள்ளையின் கை என்ன செய்கிறது என்று பாருங்கள். ஆசிரியரின் கை நடுங்கினால், அது நிற்கும் வரை காத்திருங்கள். இதைவிட நீங்கள் பாடத்திட்டத்துக்குச் செய்யக்கூடிய உபகாரம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

பத்தாம் வகுப்பு தொடரலாம் என்ற உத்தரவு கோடை விடுமுறையிலேயே வந்துவிட்டது. சின்னப்பொண்ணின் அப்பாவிடம் சொல்ல நானே அவர் ஊருக்கு நடந்து போனேன். அவர் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டு, "சரி சார், இருக்கட்டும்" என்றார். திரும்பும்போது ஒரு பை நிறையப் புளியைக் கையில் திணித்துவிட்டார்.

அந்த வருஷத்து ஆயுத பூஜைதான் பெரிய சாருக்குப் பள்ளியில் கடைசி பூஜை. பீரோவில் இருந்து சாமான்கள் மேசைக்கு வந்தன. முன்பு போல் பளபளப்பு இல்லை. குழாய்களின் அடியில் கழுவினாலும் போகாத கறை. ஒரு குடுவைக்கு விளிம்பு இல்லை. எண்ணிக்கையும் பாதிதான். பிள்ளைகள் பொரிக்காகக் காத்திருந்தார்கள், சின்னப்பொண்ணு பத்தாம் வகுப்பு வரிசையில் நின்றாள். பெரிய சார் சந்தனக் கிண்ணத்தைக் கையில் எடுத்தவர், மேசையை ஒரு முறை பார்த்துவிட்டு, வகுப்பறை மூலையில் இருந்த கூடையைக் கொண்டு வரச் சொன்னார். வருஷம் முழுக்க உடைந்த கண்ணாடியைத் தள்ளுபடிக்காகப் போட்டு வைத்திருந்த மூங்கில் கூடை அது.

ஆறுமுகம் தயங்கினார். "அது உடைஞ்சதுங்களாச்சே சார். பூஜையில போயி எப்டி வைக்கிறது?"

"வேல செஞ்சதுங்க இதுங்கதான்டா" என்றார் பெரிய சார். மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அந்தக் கூடைக்குச் சந்தனம் தடவி, அதன் மேல் குங்குமம் வைத்தார்.